மூன்று புள்ளி ஆறு

ஷா பெய்லான் வலை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தது விருப்பப்பட்டு அல்ல. இருபத்தோரு வயதில் அவளுக்கு ஊர்ப் பாலர் பள்ளியின் சமையலறையில் வேலை உறுதியாகியிருந்தது. மேற்பார்வைக்காரி அவள் இடுப்பைக் கண்ணாலேயே அளந்து ஒரு வெள்ளை ஏப்ரனும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். சாப்பாட்டில் கைவைக்கிற எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை கட்டாயம். முடிவு வந்த அன்று அதே மேற்பார்வைக்காரி ஏப்ரனின் நாடாவை இரண்டு விரலால் பிடித்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"உன் ரத்தத்துல ஹெபடைடிஸ் பி இருக்காம்மா. எனக்கும் புள்ளைங்க இருக்கு. தப்பா நெனைக்காத," என்றாள்.

தப்பாக நினைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்த பெய்லான், வீடு வரைக்கும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

லியூசு துறைமுகத்து வலை ஆலையில் யாரும் இரத்தம் கேட்கவில்லை. நைலான் நூலும் ஈயக் குண்டுகளும் யாருடைய கிருமிக்கும் பயப்படவில்லை. அங்கே சேர்ந்தவள் அங்கேயே ஐம்பதை நெருங்கினாள்.

யாங்சி ஆறு கடலில் கலக்கும் அந்தக் கரையில் ஈரல் நோய் புதிதல்ல. சிடோங் மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது வயிறு வீங்கிச் செத்தவர் இருந்தார். பெய்லானின் அப்பாவும் அப்படித்தான் போனார். அவர் காலத்தில் வீட்டைச் சுற்றி ஓடிய வாய்க்கால் தண்ணீரைத்தான் குடித்தார்கள்; மழைக்காலத்தில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை, அது ஈரலுக்கு நஞ்சென்று தெரியாமல், கழுவி உலர்த்திக் கஞ்சி காய்ச்சினார்கள். கூடவே பி கிருமியும் தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா போனபோது பெய்லானுக்குப் பதினாலு வயது, தம்பிக்கு ஒன்பது. தம்பியின் முழுப்பெயர் ஷா பெய்ரோங். வீட்டில் ஆரோங். அம்மா வயலுக்குப் போய்விட, அவனுக்குச் சோறு போட்டு, அடித்து, மூக்கு துடைத்து வளர்த்தது அக்காதான்.

கல்யாணம் பேசியபோது தனக்குக் கிருமி இருப்பதைப் பெய்லான் முதலிலேயே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை தாவ்ஷெங் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க வீட்ல மூணு பேருக்கு இருக்கு. நீ நாலாவது. தனியா விட்டுட்டாங்கன்னு நெனைக்க மாட்ட," என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் பிறந்த அன்றே தடுப்பூசி போட்டார்கள். ஆரோங்கின் மகள் வென்சிக்கும் அப்படியே. அந்தப் பிள்ளைகளின் இரத்தம் சுத்தம். பிரச்சினை பெரியவர்களுக்குத்தான்.

பெரியவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுத்தார்கள். ஈரலில் புற்று முளைத்தால் இரத்தத்தில் ஒரு புரதம் ஏறும். கருவிலிருக்கும் குழந்தைக்கு ஊறுகிற அதே புரதம். அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊர்க்காரர்களுக்கு அது 'ஆல்ஃபா'. அரிசி விலை கேட்பதுபோல "உன் ஆல்ஃபா எவ்வளவு?" என்று சந்தையில் கேட்டுக்கொள்வார்கள். ஒற்றை இலக்கம் என்றால் அன்று மீன் வாங்கிப் போவார்கள். நூறு, இருநூறு என்று யாராவது சொன்னால் கேட்டவர் பேச்சை மாற்றுவார்.

பெய்லான் ஒரு தடவையும் தவறியதில்லை. ஆரோங் ஒரு தடவையும் போனதில்லை. அவன் மீன்பிடிப் படகில் எஞ்சின்காரன். கப்பலில் இருப்பவனை ஊசி எட்டாது என்பான்.

அந்த வருடம் மீன்பிடித் தடைக்காகக் கடல் மூடிய கோடை மாதங்களில் படகுகளெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. ஆரோங் வீட்டில் இருந்தான். பெய்லான் அவனைக் கையோடு பிடித்து மாவட்ட மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். வரிசையில் நின்றபோது அவன் புலம்பிக்கொண்டே வந்தான்.

"அக்கா, ஊசின்னா எனக்கு மயக்கம் வரும். நீயே ரெண்டு தடவை குத்திக்க. ஒரே அப்பன் ரத்தம்தானே?"

"எஞ்சினுக்குள்ள பாதி உடம்பை விடறவனுக்கு ஊசி பயமாக்கும். கையை நீட்டுடா."

இரத்தம் எடுத்த பெண் சிரித்துவிட்டாள். இவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எடுத்தாச்சா? எடுத்தாச்சா?" என்று அவள் எடுத்து முடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் அவள், ஸ்கேன் வியாழக்கிழமை மாடியில் எடுப்பார்கள், இரத்தத்தோடு அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் நல்லது என்றாள்.

"வியாழக்கிழமை எஞ்சின் பிரிச்சுப் போட்டிருக்கு. பிஸ்டன் மாத்தணும்," என்றான் ஆரோங். "நான் இல்லேன்னா முதலாளி என்னை உப்பு தடவிக் காயவெச்சுடுவான். அக்கா, ரத்தம் குடுத்துட்டேன்ல? விடேன்."

பெய்லான் ஒரு நிமிடம் யோசித்தாள். இவ்வளவு வருடம் வராதவன் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்று பட்டது. "சரி, ரத்தமாவது குடுத்தியே. போ," என்றாள்.

அவளும் அந்த வியாழக்கிழமை ஸ்கேனுக்குப் போகவில்லை. ஆலையில் அவசர வேலை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

முடிவு செல்பேசிக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பம் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மட்டியும் பச்சை சோயாவும் வேகவைத்த மீனும் மேசையில் இருந்தன. தாவ்ஷெங் அரிசி மதுவைச் சூடாக்கிக் கிண்ணங்களில் ஊற்றினான். ஆரோங் தன் செல்பேசியைத் தூரப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் படித்தான்.

"மூணு புள்ளி ஆறு! நல்லவேளை, நாலுன்னு வந்திருந்தா நம்ம பேச்சுல சாவுன்னு கேக்கும். படகுல ஏத்த மாட்டானுங்க."

அவன் மனைவி சூயின், "அக்கா, மூணு புள்ளி ஆறுன்னா நல்லதுதானே?" என்று கேட்டாள். கோழி மாதிரி எதற்கும் திடுக்கிடுகிற பெண் அவள்.

"நல்லதுன்னா? இதுக்கு மேல நல்லது கிடையாது. கவலையே படாத," என்றாள் பெய்லான்.

ஆரோங் கிண்ணத்தைத் தூக்கினான். "என் ஈரலுக்கு!" மீனின் மேல்பக்கம் தீர்ந்திருந்தது. தாவ்ஷெங் அதைப் புரட்டப் போக, ஆரோங் அவன் கையில் தட்டினான். "மாமா! எஞ்சின்காரன் உக்காந்திருக்கேன், மீனைக் கவுக்கறீங்களே. படகு கவுந்துடும். முள்ளை எடுத்துட்டு அடியில சாப்பிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பெய்லானும் சிரித்தாள். மேசைக்கு அடியில் அவள் மடியிலிருந்த செல்பேசியில் அவளுடைய எண் அறுபத்தொன்று என்றிருந்தது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவும்போது தாவ்ஷெங் "உன்னுது?" என்று கேட்டதற்கு "எப்பவும் போலத்தான்" என்றாள். மறுநாள் ஆலைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனாள்.

ஃபான் டாக்டர் அவளைவிடப் பத்து வயது சின்னவள். வேகமாகப் பேசுவாள், ஆனால் கேட்கும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள்.

"கிருமியை அடக்கற மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

பெய்லான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எப்ப நிறுத்தினீங்க?"

"வசந்தத்துல."

"ஏன்?"

ஏன் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆலையில் புதிதாக வந்த கண்காணிப்புப் பெண் அவள் அலமாரியில் மாத்திரைப் பெட்டியைப் பார்த்துவிட்டாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுவாரம் அந்தப் பகுதியில் வேலை செய்த பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சொந்தக் கோப்பையைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஆலையின் பொதுக் கோப்பைகள் பெய்லானுக்கு மட்டும் என்றாகிவிட்டது. வருடக்கணக்கில் எண் நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரை எதற்கு என்று அவள் பெட்டியைத் தூக்கிக் கடலில் போட்டாள்.

"ஆல்ஃபா ஏறியிருக்கு, ஈரல் அழற்சி எண்களும் கூடவே ஏறியிருக்கு," என்றாள் டாக்டர். "மாத்திரை நிறுத்தினதால கிருமி கிளம்பியிருக்கலாம். இல்ல, வேற ஏதாவதும் இருக்கலாம். இப்பவே ரெண்டுல ஒண்ணு சொல்ல முடியாது. இன்னொரு ரத்தச் சோதனை எடுக்கறோம், பிவ்கான்னு பேரு. அதுவும் புற்றைக் காட்டற ஒண்ணுதான், ஆனா வேற வழியா. எம்.ஆர்.ஐ.யும் எடுத்துடலாம். மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிங்க."

எம்.ஆர்.ஐ.க்கு நாள் கிடைக்கச் சில வாரமானது. அதற்குள் மறுபடி எடுத்த ஆல்ஃபா நூற்று நாற்பதைத் தொட்டது. பெய்லான் வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். வலைக்கண் ஒன்றை முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்ததை எங்கே விட்டோம் என்று தேடினாள். குளிக்கும்போது வலது விலா எலும்புக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தாள். அப்பாவுக்கு அங்கே கல்போல இருந்தது. அவருக்கு எண்ணெய் தடவிவிட்டது அவள்தான். அந்தக் கெட்டி இன்னும் உள்ளங்கைக்கு நினைவிருந்தது.

கடைசியில் தாவ்ஷெங்கிடம் சொன்னாள். அவன் அரைமணி நேரம் மின்விசிறியைக் கழற்றித் துடைத்தான். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தம்பியிடம் அவன்தான் சொல்லியிருக்க வேண்டும். படகு சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் ஆரோங் கூப்பிட்டான். பின்னால் எஞ்சின் இரைந்தது.

"என்னக்கா, மறைச்சிட்டியே? அன்னிக்கு என் கிண்ணத்துக்குக் கிண்ணம் இடிச்சியே!"

"சொன்னா நீ என்ன செஞ்சிருப்ப?"

"அப்பா உனக்கு ஈரலைக் குடுத்துட்டு எனக்கு மூக்கைக் குடுத்துட்டாரு. அநியாயம்," என்றான். அப்புறம் குரல் மாறியது. "அக்கா, கேளு. டாக்டர் ஏதாவது சொன்னா என்னுது பாதி வெட்டி எடுத்துக்க. சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். டி.வி.ல பாத்தேன், பாதி வெட்டினா திரும்ப வளருமாம். என்னுது மூணு புள்ளி ஆறு. சரக்கு புதுசு."

"வாயை மூடிட்டு எஞ்சினைப் பாரு," என்றாள் பெய்லான். அலைபேசியை வைத்துவிட்டு அழுதாள்.

எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் இல்லை. இரண்டாவது சோதனையும் சாதாரணம். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் ஆல்ஃபா இறங்கியது. இலையுதிர் காலம் முடிவதற்குள் இரட்டை இலக்கத்துக்கு வந்து, பிறகு அதிலும் சிறிதானது. ஃபான் டாக்டர் முதல்முறையாகச் சிரித்தாள்.

"அழற்சி வந்தாலும் ஆல்ஃபா ஏறும். ஏறினா புற்றுன்னு அர்த்தம் இல்ல. பயமுறுத்திட்டீங்க எங்களை."

பெய்லான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எழுந்தாள். கதவருகே போனவளுக்கு என்னவோ தோன்றியது. திரும்பி வந்தாள்.

"டாக்டர், புற்று இல்லாமலே ஏறும்னீங்க. அப்ப, புற்று இருந்தும் ஏறாம இருக்குமா?"

"இருக்குமே. நிறையக் கட்டிங்க அதைச் சுரக்கறதே இல்ல. அதனாலதான் ஸ்கேன் கட்டாயம்னு தலைப்பாடா அடிச்சுக்கறோம். பிவ்காவும் சேக்கறது அதுக்குத்தான். ஒண்ணு தப்பவிட்டதை இன்னொண்ணு பிடிக்கும், சில சமயம்."

"என் தம்பிக்கு மூணு புள்ளி ஆறு."

"ஸ்கேன்?"

"எடுக்கல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "எப்ப கரைக்கு வருவாரு?"

அவன் கரைக்கு வந்தது புத்தாண்டுக்குத்தான். இடையில் இரண்டுமுறை படகு துறைமுகம் வந்தபோதும் சரக்கு இறக்கிவிட்டு உடனே போய்விட்டான். "எனக்கென்னக்கா, நான்தான் பாஸ் ஆயிட்டேனே" என்றுதான் அக்கா ஸ்கேனுக்குக் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் சொன்னான். புத்தாண்டு விருந்தன்று அவன் கோட்டைக் கழற்றியபோது பெய்லான் அவன் கழுத்தைப் பார்த்தாள். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் விரல் போகிற இடம் இருந்தது. மதுக் கிண்ணத்தை உதட்டில் வைத்து அப்படியே கீழே வைத்தான். வலது தோள்பட்டை வலிக்கிறது, ஸ்பானர் பிடித்துப் பிடித்துத்தான் என்றான்.

"விடுமுறை முடிஞ்சு ஆஸ்பத்திரி திறந்ததும் வர்ற," என்றாள் பெய்லான்.

"அக்கா, வருஷப் பிறப்பும் அதுவுமா ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சா வருஷம் பூரா மிதிக்கணும்," என்று சூயின் பதறினாள்.

"அப்ப நான் தூக்கிட்டுப் போறேன். அவன் கால் படாது."

ஆரோங் சிரித்தான். ஆனால் மறுக்கவில்லை. அவன் மறுக்காததுதான் பெய்லானுக்குப் பயமாக இருந்தது.

ஆல்ஃபா மூன்று புள்ளி ஒன்பது என்று வந்தது. "பாத்தியா, நாலை இன்னும் தொடல," என்றான் ஆரோங். ஃபான் டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பிவ்கா எண்ணை விரலால் தொட்டாள். நாற்பதுக்குள் இருக்க வேண்டியது ஆயிரங்களில் இருந்தது. அன்று மத்தியானமே ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலின் வலது பக்கத்தில், பின்னால் தள்ளி, ஒரு ஆரஞ்சுப் பழ அளவுக்குக் கட்டி உட்கார்ந்திருந்தது.

ஆரோங் கழிப்பறைக்குப் போனான். தாழ்வாரத்து நாற்காலியில் பெய்லானும் சூயினும் மட்டும் இருந்தார்கள்.

"நீங்கதானே சொன்னீங்க, அக்கா?" என்றாள் சூயின். சத்தமே இல்லாத குரல். "இதுக்கு மேல நல்லது கிடையாது, கவலையே படாதன்னு. நான் கேட்டேன்ல? உங்களைத்தானே கேட்டேன்? அதுக்கப்புறம் அவர் தோள் வலின்னப்ப நான் வலிக்கு மருந்துப் பட்டை ஒட்டிவிட்டேன். பட்டை ஒட்டிவிட்டுக்கிட்டே இருந்தேன்."

"சூயின், எனக்கு அப்ப தெரியாது..."

"உங்களுக்கு அறுபத்தொண்ணு. உங்களுக்கு ஒண்ணும் இல்ல. அவருக்கு மூணு புள்ளி ஆறு." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வாக்கியத்தின் மிச்சம் கைக்குள்ளேயே நின்றுவிட்டது. பெய்லானுக்கு அது கேட்டுவிட்டது.

பாலம் தாண்டி ஷாங்காயில் அறுவை செய்தார்கள். வலது ஈரலில் பெரும்பகுதியை எடுத்தார்கள். மகள் வென்சி தன் வேலையிலிருந்து விடுப்பெடுத்து வந்து அப்பாவுடன் இருந்தாள். கட்டி பக்கத்து இரத்தக் குழாய்க்குள் கொஞ்சம் எட்டியிருந்தது என்று அவளிடம்தான் அங்கிருந்த மருத்துவர்கள் சொன்னார்கள். அவள் அதை அத்தையிடம் மட்டும் சொன்னாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்க அத்தை, ப்ளீஸ்," என்றாள். பெய்லானுக்கு இன்னொரு மறைப்பு சேர்ந்தது.

கோடையில் ஆரோங் எழுந்து நடமாடினான். கடலுக்குப் போக முடியாது. வீட்டில் இருந்தால் சூயின் அவனைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள் என்று காலையில் நடந்து வலை ஆலைக் கொட்டகைக்கு வந்துவிடுவான். பிளாஸ்டிக் முக்காலி போட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். அவள் முடிச்சுகளைக் குறை சொல்வான். "இந்த ஓட்டைல சுறாவே போயிடும். இதை நம்பியா நான் இத்தனை வருஷம் கடல்ல போனேன்?" ஆலைப் பெண்களுக்கு அவனைப் பிடித்துவிட்டது. ஒருத்தி தன் ஃபிளாஸ்கிலிருந்து அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், மூடியிலேயே. பெய்லான் அதைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

ஒருநாள் மற்றவர்கள் சாப்பிடப் போனபோது அவன் கேட்டான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லக் கூடாது. அந்த வியாழக்கிழமை நான் ஸ்கேனுக்கு வந்திருந்தா?"

அந்தக் கேள்வியை அவள் ஏற்கெனவே டாக்டரிடம் கேட்டிருந்தாள். ஒரு பொய் தயாராகவும் வைத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தபோது அது வரவில்லை.

"டாக்டரைக் கேட்டேன். அப்பவே இருந்திருக்கும்னாங்க. சின்னதா இருந்திருக்கும்."

ஆரோங் தலையாட்டினான். நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"ம். அந்தப் பிஸ்டன் இன்னும் நல்லா ஓடுதாம். முதலாளி நேத்து போன் பண்ணினான்."

"உன்னைப் போன்னு சொன்னது நான்தான்டா."

"நீ சொல்லலேன்னாலும் போயிருப்பேன். என்னிக்கு நீ சொன்னதைக் கேட்டிருக்கேன்?"

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவளுக்கு அது ஆறுதலாகவும் இல்லை.

குளிர்காலத்தில் பிவ்கா எண் மறுபடி ஏறத் தொடங்கியது. ஆல்ஃபா கடைசிவரை ஏறவே இல்லை. ஒவ்வொரு முறையும் மூன்றரை, மூன்றே முக்கால் என்று நல்ல பிள்ளையாக வந்தது. புற்று நுரையீரலுக்குப் போய்விட்டது. மாத்திரை கொடுத்தார்கள், உள்ளங்கால் வெடித்துத் தோல் உரிந்தது. பிறகு ஊசி. அடுத்த கோடையில் அவன் படுக்கையோடு இருந்தான். வயிறு நீர் கோத்து அப்பாவுடையதைப் போலவே ஆனது. பெய்லான் வேலை விட்டதும் நேராகப் போய் எண்ணெய் தடவிவிடுவாள். சூயின் அவளுக்கு நாற்காலி போடுவாள், தேநீர் வைப்பாள், எதிரே உட்கார மாட்டாள். செப்டம்பரில் கடல் திறந்து படகுகள் கிளம்பிய வாரத்தில் ஆரோங் போனான். கடைசி இரண்டு நாள் அவன் யாரையும் அடையாளம் காணவில்லை. வென்சியை "அக்கா" என்று கூப்பிட்டான்.

சாவு வீட்டில் சூயின் பெய்லானிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்துக்குப் பெய்லான், செத்தவருக்கென்று எரிக்கிற காகிதத் தங்கக் கட்டிகளை மடித்து எடுத்துப் போனாள். சூயின் வாங்கிக்கொண்டாள்; ஆனால் நெருப்பில் போடும்போது தான் மடித்ததை மட்டும் போட்டாள். பெய்லான் கொண்டுவந்தது பையிலேயே இருந்தது. வென்சிதான் பிறகு எடுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு பெய்லான் சோதனைக்குப் போவதை நிறுத்தினாள். மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டாள். தாவ்ஷெங் கெஞ்சினான், கத்தினான், ஒருமுறை கதவை ஓங்கிச் சாத்தினான். "எண்ணைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்?" என்றாள் அவள். "ஏறினாலும் பயம், ஏறலேன்னாலும் பயம்." அவன் வெளியே போய் மிதிவண்டிக்குக் காற்றடித்தான். காற்று ஏற்கெனவே இருந்தது.

வசந்தம் வந்து சோதனைத் தேதி ஒன்று தவறியது. இன்னொன்றும் தவறும் போலிருந்தது. ஒரு காலை, ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு மின்சார ஸ்கூட்டர் வந்து நின்றது. சூயின். தலையில் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

"ஏறுங்க."

"எங்க?"

"உங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை வந்து என் வாசல்ல உக்காந்துட்டாரு. கூட்டிட்டுப் போன்னு. எனக்கென்ன, நான் யாரு? ஏறுங்க."

"சூயின், எனக்கு வேலை இருக்கு."

"அவருக்கும் வேலை இருந்துச்சு," என்றாள் சூயின். குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரி கொடியில் துணி போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "அக்கா, நான் உங்களை மன்னிச்சிட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. ராத்திரி ஆனா உங்க மேல அவ்வளவு ஆத்திரம் வரும். விடிஞ்சா, நீங்க இழுத்துட்டுப் போகலேன்னா அவர் அந்த ரத்தமும் குடுத்திருக்க மாட்டாருன்னு தெரியும். ரெண்டும் சேந்து என்னைப் போட்டுப் பாடாப் படுத்துது. நீங்களும் வயிறு வீங்கிப் படுத்தா நான் யார் மேல ஆத்திரப்படறது? ஏறுங்க."

பெய்லான் ஏறினாள். கடுகுப் பூ மஞ்சளாக விரிந்திருந்த வயல்களுக்கு நடுவே ஸ்கூட்டர் குலுங்கிக் குலுங்கிப் போனது. மேடுபள்ளம் வந்தபோது பெய்லான் சூயினின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சூயின் விலகவில்லை.

ஃபான் டாக்டர் திட்டவில்லை. இரத்தம் எடுத்தார்கள், அன்றே ஸ்கேனும் எடுத்தார்கள். ஆல்ஃபா ஒன்பது. பிவ்கா சாதாரணம். ஸ்கேனில் மட்டும் ஈரலின் இடது மேல் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது, ஒரு பச்சைப்பயறு அளவுக்கு. எம்.ஆர்.ஐ.யிலும் அது என்னவென்று தெளிவாகத் தெரியவில்லை.

"வெறும் தழும்புக் கணுவா இருக்கலாம். நாள்பட்ட ஈரல்ல இது மாதிரி வரும்," என்றாள் டாக்டர். "ஆனா நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். மூணு மாசத்துக்கு ஒருதடவை வாங்க. மூணும் பாக்கணும். ரெண்டு ரத்தம், ஒரு படம். ஒண்ணைக்கூட விடக் கூடாது."

பெய்லான் கேட்க நினைத்ததைச் சூயின் கேட்டாள். "டாக்டர், மூணும் நல்லா இருந்தா நம்பலாமா?"

ஃபான் டாக்டர், "அடுத்த மூணு மாசத்துக்கு நம்பலாம்," என்றாள்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது புள்ளி அப்படியே இருந்தது. அதற்கடுத்த முறையும் வளரவில்லை, மறையவும் இல்லை. ஒவ்வொரு முறையும் முந்தின வாரம் பெய்லானுக்குத் தூக்கம் போய்விடும், சோறு இறங்காது. சூயின் ஒவ்வொரு முறையும் ஸ்கூட்டரோடு வந்தாள். முழங்கால் வலி, பெட்ரோல் வண்டியே தேவலாம், மருத்துவமனைத் தேநீர் கழுநீர் மாதிரி இருக்கிறது என்று வழிநெடுக ஏதாவது முணுமுணுத்தாள். ஆரோங்கைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒருமுறை திரும்பும் வழியில் மீன் சந்தையருகே சூயின் வண்டியை நிறுத்தினாள்.

"மட்டி வாங்கட்டுமா?" என்றாள். "வென்சி வர்றா. அவ கல்யாணம் பேசணும்ங்கறா, பையன் நான்டோங் பக்கமாம். நீங்க வந்து பேசுங்க. எனக்குப் பேச வராது."

"பையனுக்கு ரத்தம் பாத்தாச்சா?" என்று பெய்லான் கேட்டுவிட்டாள்.

சூயின் அவளை முறைத்தாள். பிறகு மீன்காரியிடம் திரும்பி, நல்ல மட்டியாக இரண்டு கிலோ போடச் சொன்னாள்.